எண்பத்திரண்டு ரூபா

கலீலுர் றஹ்மானின் கணக்குக் கொப்பியைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அவ்வளவு அழகு. இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு, நடுவில் அடிமட்டம் வைத்துக் கீறிய சிவப்புக் கோடு. மாத முடிவில் லாபத்தை எழுதி அதைச் சுற்றிச் சின்னதாக ஒரு பெட்டியும் கட்டிவிடுவார். கிண்ணியாவில் எந்தக் கடைக்காரனும் இப்படி எழுதுவதில்லை. மற்றவர்கள் சிகரெட் பெட்டி மட்டையில் கிறுக்கிவிட்டு மறுநாள் தேடுகிற ஆட்கள். இவர் பேனையைத் துடைத்து மூடி, கொப்பியை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிய பிறகுதான் சாப்பிடவே எழும்புவார்.

ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பது ஆவணியில், அந்தக் கொப்பியின்படி, கடைக்கு வருஷ லாபம் இரண்டாயிரத்து முந்நூறு ரூபா. கடைக்குள் போய்ப் பார்த்தால் மூன்று மாவு மூட்டை, அடியில் கிடக்கிற சீனி, பாதிச் சாக்கு பருப்பு. செத்தல் மிளகாய்ச் சாக்கு இருந்த இடத்தில் சாக்கின் வட்டம்தான் இருந்தது. மனிதர் கொப்பிக்குள் பணக்காரர், கடைக்குள் ஏழை. லாபம் எங்கே போனது என்று அவர் ஆறு மாதமாக யோசித்தார். கடைசியில் ஒரு விடை கண்டுபிடித்தார். அந்த விடைதான் வீட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது.

அவர் கண்டுபிடித்த விடைக்குப் பெயர் ஆதம்பாவா. மனைவி றுக்கியாவின் தம்பி, முப்பத்து நாலு வயது, இன்னும் கல்யாணம் ஆகாதவன். அந்தப் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுப்பார்கள். சகோதரிக்கு வீடு எழும்பாமல் சகோதரன் தன் கல்யாணப் பேச்சை எடுக்கமாட்டான். வாப்பா மௌத்தாகி, குடும்பம் தகப்பனில்லாமல் நின்ற பிறகு ஆதம்பாவா கடலுக்குப் போய், கல் சுமந்து, கூலிக்கு நின்று, றுக்கியாவுக்குக் கட்டிக் கொடுத்த வீடுதான் இது. முன்னறையைக் கடையாக்கச் சுவரை இடித்துப் பலகைக் கதவு போட்டதும் அவன்தான். ஆக, றஹ்மான் படுத்தெழும்பியது மச்சான் கட்டின வீட்டில். அங்கே இருந்துகொண்டுதான் அவனைக் கள்ளன் என்றார்.

நடந்தது இதுதான். றஹ்மானுக்கு முழங்கால் வாதம். பாதை கடந்து, பஸ் ஏறித் திருகோணமலை டவுனுக்குப் போய்ச் சரக்கு எடுக்க அவரால் ஏலாது. கிண்ணியாத் துறையில் பாலம் கிடையாது. பலகையடித்த பெரிய மிதவையொன்று, அதற்குத்தான் பாதை என்று பெயர், லொறியையும் மாட்டையும் மனிதரையும் ஏற்றிக்கொண்டு ஆட்கள் வடம் இழுக்க இழுக்க அக்கரைக்குப் போகும். இரண்டு வருஷமாக ஆதம்பாவாதான் காசை வாங்கிக்கொண்டு போய், டவுன் மொத்தக் கடையில் சரக்கெடுத்து வருவான். ஆடி மாதம் நாலு மாவு மூட்டைக்கென்று அறுநூற்று நாற்பது ரூபா எண்ணிக் கொடுத்தார். மூட்டை நூற்றறுபது என்று போகுமுன் சொன்னவனும் அவன்தான். திரும்பி வந்தபோது கொண்டுவந்தது மூன்று மூட்டை.

"மிச்சம் நூத்தறுபது எங்க?" என்று றஹ்மான் கேட்டார்.

ஆதம்பாவா மடியை அவிழ்த்து எண்பத்திரண்டு ரூபாவை மேசையில் வைத்தான். "எழுபத்தெட்டு ரூவா பாதையில ஏறேக்க விழுந்து பெய்த்து மச்சான்" என்றான். சொல்லும்போது அவன் மூட்டையைப் பார்த்தான், மச்சானைப் பார்க்கவில்லை.

அப்போது கடைவாசலில் ஆறு பேர் நின்றார்கள். அரை இறாத்தல் சீனி வாங்க வந்த ஜெமீலாவும் நின்றாள், அவள் நின்றால் அறுபது பேர் நின்ற மாதிரி. றஹ்மான் சத்தம் போடுகிற ஆளில்லை. அன்றைக்குப் போட்டார். லாபம் காணாமல் போன ஆறு மாதமும் சேர்ந்து வெளியே வந்தது. ஆதம்பாவாவின் சைக்கிளைப் பங்குனிக்குப் பிறகு காணவில்லை என்பதும் அப்போது பார்த்து ஞாபகம் வந்தது. சூதாடி வித்திருப்பான் என்று மனம் சொன்னது.

"லாச்சியில கை வச்சது காணாதெண்டு இப்ப மடியிலயும் வச்சிட்டியா? கள்ளன்!"

"நான் எடுக்கல்ல மச்சான்" என்றான் ஆதம்பாவா. அவ்வளவுதான் சொன்னான். உள்ளே போய்த் தான் உடுக்கிற சாரம் இரண்டையும் சட்டையையும் சுருட்டிக்கொண்டு, தான் கட்டிய கதவால் வெளியே போனான். அடுத்த நாள் பாதையில் நாள்கூலிக்கு வடம் இழுக்கிறான் என்று செய்தி வந்தது. செய்தி வந்திருக்கவே வேண்டாம். கடையில் இருந்து பார்த்தால் துறை தெரியும். தென்மேற்குக் கச்சான் காற்று மணலை அள்ளி எறிகிற வெயிலில், வெற்று முதுகோடு அவன் இழுப்பதை றஹ்மான் ஒவ்வொரு நாளும் பார்த்தார். பார்க்கக்கூடாது என்று கதிரையை மறுபக்கம் திருப்பிப் போட்டார். பிறகு காற்றுப் படவில்லை என்று பழையபடி திருப்பினார்.

றுக்கியா சண்டை பிடிக்கவில்லை. சமைத்தாள், போட்டு வைத்தாள், பேசவில்லை. மூன்றாம் நாள் மட்டும் பிட்டுக் கோப்பையை வைத்துவிட்டு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவன் எடுத்தது மெய்யெண்டா, இந்த வீட்ட வித்தாவது ஒங்கட காசத் தாறன். மெய்யா எண்டு மட்டும் எனக்குக் காட்டுங்க."

"கொப்பியில இரிக்கு" என்றார் றஹ்மான்.

"அப்ப அந்தக் கொப்பிய வாசிக்கத் தெரிஞ்ச ஆரிட்டயாவது காட்டுங்க" என்றாள் அவள்.

இந்தச் சொல் அவரைச் சுட்டது. கொப்பி எழுதியவரே அவர், வாசிக்க இன்னொருவர் வேண்டுமாம். ஆனால் கடை போகிற போக்கில் கிராமிய வங்கியில் கடன் கேட்காமல் தீராது என்ற நிலையும் வந்துவிட்டது. இரண்டாயிரம் கேட்டு விண்ணப்பம் போட்டார். பத்து நாள் கழித்து, பாதையால் இறங்கிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு பஸ்தியாம்பிள்ளை வந்து சேர்ந்தார்.

பஸ்தியாம்பிள்ளை வங்கியின் கடன் பகுதி ஆள். டவுனுக்குப் பக்கத்தில் அன்புவழிபுரத்தில் வீடு. ஐம்பதைத் தொடுகிற வயது, மெலிந்த உடம்பு, கக்கத்தில் ஒரு தோல் பை. கடன் கேட்டவனை மேலும் கீழும் பார்க்கிற உத்தியோகத்தர் பலர் உண்டு. இவர் ஆளைப் பார்க்கமாட்டார், சாமான் தட்டைப் பார்ப்பார். வந்ததும் கடையை ஒரு சுற்றுச் சுற்றி, சாக்குகளைத் தட்டிப் பார்த்து, பிறகுதான் கதிரையில் அமர்ந்தார். கொப்பியைத் திறந்ததும் முகம் மலர்ந்தது. ஊர் வழக்கப்படி அவரை நானா, அண்ணன், என்றுதான் கூப்பிட்டார்.

"நானா, இருபது வருசமா இந்த வேலை பாக்கிறன். இப்பிடியொரு கொப்பி காணயில்லை" என்றார்.

றஹ்மானுக்கு உச்சி குளிர்ந்தது. உள்ளே திரும்பிப் பார்த்தார், றுக்கியாவுக்குக் கேட்டிருக்க வேண்டும் என்று. அவளோ பிளேன்டீயும் ஒரு துண்டு கருப்பட்டியும் திரைச்சீலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

பஸ்தியாம்பிள்ளை ஒரு மணித்தியாலம் பக்கம் புரட்டினார். பிறகு கேட்டார்: "ரூபா எல்லாம் இருக்கு. மாசத்துக்கு எத்தினை மூட்டை வித்தனீங்கள் எண்டு எங்க?"

"மூட்டைய ஏன் எழுதோணும் ஐயா? காசு எழுதினாச் சரிதானே."

"காசு சில நேரம் பொய் சொல்லும், நானா. மூட்டை சொல்லாது."

றஹ்மானுக்கு மூட்டைக் கணக்கு ஞாபகமில்லை. அப்போது திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து குரல் வந்தது. "எனக்குத் தெரியும்."

றுக்கியா வெறும் மாச்சாக்குகளை விற்கிற ஆள். சாக்கைத் தையல் பிரித்து, சோடாப் போட்டு அவித்து, வேலியில் காயவைத்து, தோப்பூரில் இருந்து வருகிற அசனாவுக்குக் கொடுப்பாள். அசனா அதில் தலையணை உறை தைப்பாள். சாக்கொன்று மூன்று ரூபா, அது றுக்கியாவின் தனிக் காசு. தனிக் காசை எந்தப் பெண்தான் மறப்பாள்.

"போன வருசம் நோன்புக்கு முந்தி மாசம் ஆறு சாக்கு. ஹஜ்ஜு முடிய அஞ்சு. இந்த வருசம் தைக்குப் பொறகு நாலு. இப்ப மூண்டு" என்றாள். பிறகு, "ஒரு சாக்கு எலி வெட்டினது, அதயும் சேத்துத்தான் சொல்றன்" என்றாள்.

பஸ்தியாம்பிள்ளை எழுந்து நிற்காத குறை. பையில் இருந்து கடதாசி எடுத்து, ஒரு பக்கம் கொப்பியில் பெட்டி கட்டியிருந்த லாபத்தை மாதம் மாதமாகக் கூட்டி எழுதினார், மறுபக்கம் றுக்கியா சொன்ன சாக்கை எழுதினார். எழுதியதை றஹ்மானின் பக்கம் திருப்பினார்.

"பாருங்கோ. லாபம் ஏறுது. சாக்கு இறங்குது. லாபம் கூடக் கூட, விக்கிற சாமான் குறையுது. ஏன்?"

"களவு" என்றார் றஹ்மான், உடனே.

"பொறுங்கோ. தையில ஒரு மாவு மூட்டை என்ன விலைக்கு வாங்கினீங்கள்?"

"நூத்தம்பது."

"எத்தினைக்கு வித்தனீங்கள்?"

"இறாத்தலுக்கு ஒம்பது சதம் லாபம் வச்சன். மூட்டைக்குப் பத்து ரூவா வரும்."

"நூத்தறுபது. அந்தப் பத்தில வீட்டுச் செலவுக்கு எட்டு எடுத்திருக்கிறீங்கள், கொப்பியில இருக்கு. கையில நூத்தம்பத்திரண்டு. அடுத்த மூட்டை வாங்கப் போகேக்க விலை என்ன?"

"நூத்தம்பத்தேழு."

"அப்ப லாபமா, நட்டமா?"

றஹ்மான் கொப்பியைத் தன் பக்கம் இழுத்து அந்த வரியைத் திரும்பப் படித்தார். வெளியே காற்று தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது.

"விலை ஏறுது எண்டு தெரிஞ்சும், சாக்கு முடியும்வரை பழைய விலைக்கே ஏன் குடுத்தனீங்கள்?"

"நான் குறைஞ்ச விலைக்கு வாங்கின சாமான ஏறின விலைக்கு வித்தா அது அநியாயம் ஐயா. இல்லாதவன்ட வயித்தில அடிச்ச காசு. எனக்கு அது செமிக்காது."

பள்ளிவாசல் லெப்பை அப்படியொன்றும் சொன்னதில்லை. அது றஹ்மான் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம். மற்றக் கடைக்காரர்கள் விலையேற்றச் செய்தி ரேடியோவில் வந்த அன்றே பழைய மூட்டைக்கும் புது விலை போட்டார்கள். இவர் மூட்டையின் அடி தெரியும்வரை பழைய விலைக்கே நிறுத்துக் கொடுத்தார். ஊர் அவரை நல்லவர் என்றது, சொல்லிவிட்டு அவசர அவசரமாக வந்து வாங்கிக்கொண்டும் போனது. பஸ்தியாம்பிள்ளைக்கு அவரைக் கோபிக்க மனம் வரவில்லை.

"நானா, நீங்கள் லாபத்தைச் சாப்பிடயில்லை, போட்ட முதலைச் சாப்பிட்டிருக்கிறீங்கள். மாசம் மாசம் கொஞ்சம் கொஞ்சமா. களவு நடக்காமலே இந்தக் கடை இப்பிடித்தான் வத்தும். ஒரு ஆளும் ஒரு சதமும் எடுக்கத் தேவையில்லை."

திரைச்சீலைக்குப் பின்னால் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. ஆனால் ஒன்று மிச்சம் இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப எழுபத்தெட்டு ரூவா? அது பாதையில விழுந்ததா?"

பஸ்தியாம்பிள்ளை கொப்பியைத் திரும்பவும் புரட்டினார். "எனக்கு இன்னொண்டு விளங்கயில்லை" என்றார். "இந்தக் கொள்விலையெல்லாம் ஆர் சொன்னது? டவுனில எந்தக் கடையிலயும் இந்த விலைக்கு மாவு இல்லை. என்ட வீட்டில மனுசி கிறிஸ்டின் மாவு விலைக்கு ஒவ்வொரு நாளும் என்னைத்தான் பேசுறா."

"மொத்தக் கடை முதலாளி எனக்காகக் குறைச்சுத் தாறவர்" என்றார் றஹ்மான். இதைச் சொல்லும்போது அந்த நிலையிலும் ஒரு பெருமை வந்தது. "றஹ்மான்ட நாணயத்துக்கு இந்த விலை எண்டு சொல்லுவாராம். ஆதம்பாவாதான் வந்து சொல்லுவான்."

"பில் இருக்கோ?"

"இல்ல. வாய்ச்சொல்தான்."

"பில் இல்லாமல் பாங்கு காசு தராது. நான் போய் அந்த முதலாளிட புத்தகத்தைப் பாத்திட்டு வாறன்" என்று பஸ்தியாம்பிள்ளை எழுந்தார்.

அடுத்த செவ்வாய்வரை றஹ்மானுக்குச் சோறு இறங்கவில்லை. றுக்கியா ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அவள் கேட்கவில்லை. ஆனால் அவர் எழும்பி வாசலுக்கு வந்து துறைப்பக்கம் பார்க்கும்போதெல்லாம், அவளும் ஏதோவொரு வேலையாக வேலியடிக்கு வந்தாள்.

செவ்வாய்க்கிழமை பஸ்தியாம்பிள்ளை பிளேன்டீ வேண்டாம் என்றார். மொத்தக் கடைப் புத்தகத்தில் இருந்து பிரதி செய்த இரண்டு தாள்களை மேசையில் வைத்தார்.

"முதலாளி ஒருதருக்கும் ஒரு சதம் குறைக்கயில்லை, நானா. உங்களுக்கும்தான். ஆனியில மாவு மூட்டை நூத்தெழுபத்தைஞ்சு. நீங்கள் நூத்தம்பத்தேழு எண்டு நாலு மூட்டைக்கு அறுநூத்தி இருபத்தெட்டுக் குடுத்திருக்கிறீங்கள். கடையில கட்டினது எழுநூறு. நாலு மூட்டையும் வந்திருக்கு."

"மிச்சம் எழுபத்திரண்டு?"

"அதை உங்கட மச்சான்தான் கட்டியிருக்கவேணும். வேற ஆர்? பங்குனியிலயும் அப்பிடி, சித்திரையிலயும் அப்பிடி. மாவு, சீனி, பருப்பு எல்லாம் சேத்துப் பாத்தன். ஒரு வருசத்தில அறுநூத்திப் பதினெட்டு ரூபா. உங்கட கடைக்குள்ள அந்தப் பிள்ளை போட்ட காசு."

றஹ்மானுக்குப் போன வருஷத்து ஒரு காலைநேரம் ஞாபகம் வந்தது. விலை முதன்முதலாக எகிறிய நேரம். இந்த விலைக்கு வாங்கி விற்றால் ஊர் சபிக்கும், வேண்டவே வேண்டாம் என்று அவர் சரக்கெடுக்காமல் இரண்டு கிழமை கடையை வெறுமையாகப் போட்டிருந்தார். அதற்குப் பிறகுதான் ஆதம்பாவா டவுனால் சிரித்துக்கொண்டு வந்து, முதலாளி ஒங்களுக்காகக் குறைச்சிட்டார் மச்சான், என்று சொன்னான். அதை அவர் பள்ளிவாசலில் எத்தனை பேருக்குச் சொல்லிப் பெருமைப்பட்டார்! சைக்கிள் எங்கே போனது என்பதும் இப்போது கேட்காமலே விளங்கியது.

"ஆடி மாசம்?" என்றார்.

"ஆடியில மூட்டை நூத்தெண்பத்தாறு. மூண்டு மூட்டை ஐந்நூத்தம்பத்தெட்டு. நீங்கள் குடுத்தது அறுநூத்தி நாற்பது. கழிச்சுப் பாருங்கோ."

றஹ்மான் பேனையை எடுக்கவில்லை. அந்தக் கழித்தலுக்குப் பேனை தேவைப்படவில்லை. எண்பத்திரண்டு. மேசையில் அவன் வைத்த அதே எண்பத்திரண்டு, ஒரு சதம் கூடவுமில்லை, குறையவுமில்லை. அந்த முறை போடத் தன் கையில் காசில்லாமல் போன ஒருவன், சொல்லவும் வழியில்லாமல், காசு விழுந்துவிட்டது என்று பொய் சொல்லியிருக்கிறான். வருஷம் முழுக்கத் தனக்காகப் பொய் சொன்னவனை, அந்தப் பொய்யைத் தாங்கக் காசு முடிந்த அன்றைக்கு ஆறு பேருக்கு முன்னால் கள்ளன் என்றதை நினைக்க றஹ்மானுக்கு அழுகை வந்தது. பாங்கு ஐயா முன்னால் என்றும் பாராமல் அழுதார்.

உள்ளே றுக்கியாவும் அழுதாள். அவள் அழுகையில் கோபம்தான் கூட இருந்தது.

பஸ்தியாம்பிள்ளை தாள்களை மடித்து வைத்துவிட்டு, தன் வேலைக்கு வந்தார். "கடனுக்கு நான் எழுதிறன். ஆயிரத்தைஞ்ஞூறு கிடைக்கும். ஆனா ரெண்டு காரியம் செய்யவேணும். அடுத்த மூட்டை என்ன விலையோ, அந்த விலைக்கு இந்த மூட்டைய வில்லுங்கோ. அது அநியாயமில்லை நானா, கடை இல்லாமல் போனா ஊருக்குத்தான் அநியாயம். மற்றது, கொப்பியில மூட்டைக்கும் ஒரு கோடு கீறுங்கோ. அந்தக் கணக்கை அவ சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கோ." அவ என்றபோது திரைச்சீலைப் பக்கம் கை காட்டினார்.

அவர் வேறு வேலையாக ஊருக்குள் போன கையோடு றஹ்மான் கடையைப் பூட்டாமலே துறைக்கு இறங்கினார். வெயில் உச்சியில் நின்றது. முழங்கால் ஒவ்வோர் அடிக்கும் குத்தியது. பாதையில் ஒரு வெங்காய லொறி, இரண்டு மாடு, இருபது சனம். சனத்துக்கு நடுவில் ஜெமீலாவும் ஒரு பையோடு நின்றாள். வடத்தடியில் நாலு பேர் வரிசையாக நின்று இழுத்தார்கள், மூன்றாவது ஆள் ஆதம்பாவா. முதுகில் தோல் உரிந்து கிடந்தது.

பாதை கரையை விட்டதும் றஹ்மான் அவனுக்குப் பக்கத்தில் போய் நின்று, தானும் வடத்தைப் பிடித்தார். உள்ளங்கை எரிந்தது. ஆதம்பாவா பார்த்தான், இழுத்தான்.

"எல்லாரும் கேளுங்க" என்றார் றஹ்மான். மாடு பிடித்து நின்றவனும் திரும்பினான். "என்ட மச்சான் ஆதம்பாவாவ நான் கள்ளன் எண்டனான். அவன் என்ட காசில ஒரு சதம் எடுக்கல்ல. அவன்ட காசு அறுநூத்திப் பதினெட்ட என்ட கடைக்குள்ள போட்டவன். நான்தான் பிழை. ஆறு பேருக்கு முன்னால சொன்னத்த இப்ப இருவது பேருக்கு முன்னால திருப்பி எடுக்கிறன்."

ஜெமீலாகூடப் பேசவில்லை. றஹ்மான் குரலைத் தாழ்த்தினார்.

"என்னப் பொறுத்துக்க தம்பி. பாங்கு ஐயா மொத்தக் கடப் புத்தகத்தப் பாத்து எல்லாம் எழுதிக்கொண்டு வந்தார். கணக்குச் சரியாக் காட்டிட்டு."

ஆதம்பாவா இரண்டு இழுவை இழுத்த பிறகுதான் பேசினான்.

"நான் எடுக்கல்ல எண்டு அண்டைக்கே சொன்னனான் மச்சான்."

"ஓம்."

"என்ட வாயால சொன்னத்த நீங்க நம்பல்ல. இப்ப ஆரோ எழுதின தாள நம்பி வந்திரிக்கிறீங்க." அவன் குரலில் கோபம் இல்லை, அதுதான் றஹ்மானுக்குத் தாங்கமுடியவில்லை. "அந்த முதலாளி புத்தகம் எழுதாத ஆளா இருந்தா? இல்ல, அதக் கறையான் அரிச்சிருந்தா? நான் மௌத்தாகும் வரைக்கும் கள்ளன்தானே?"

வாழ்நாள் முழுக்க ஒரு கூட்டலும் பிழைக்காத மனிதர் வடத்தைப் பிடித்தபடி நின்றார். ஆமென்று சொல்லவும் ஏலாது, இல்லையென்று சொல்லவும் ஏலாது.

பாதை அக்கரையில் முட்டியது. லொறி இறங்கியது, மாடு இறங்கியது, சனம் இறங்கியது. றஹ்மான் இறங்கவில்லை. இக்கரைக்கு வருகிற சனம் ஏறியது. மற்ற மூன்று பேரும் தங்கள் இடத்துக்கு வந்தார்கள், அவரை விலகச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. காற்று எதிர்த்து அடித்ததால் திரும்பி வருகிற இழுவை கடுமையாக இருந்தது. நடுத் தண்ணீரில் அவருடைய கை வழுக்கியது.

"காலச் சரிச்சு வச்சு இழுங்க மச்சான். இல்லாட்டி முழங்கால் பெய்த்திரும்" என்றான் ஆதம்பாவா.

அவர் காலைச் சரித்து வைத்தார்.

கரை கிட்டும்போது ஆதம்பாவா தமக்கையைப் பற்றிக் கேட்டான்: "ராத்தா பேசுறாவா?"

"என்னோட பேசுறல்ல."

"வெள்ளிக்கிழம சோத்துக்கு வாறன் எண்டு சொல்லுங்க."

றஹ்மான் அவன் முகத்தைப் பார்த்தார். கேட்கக்கூடாது என்று தெரிந்தும், ஆசை கேட்க வைத்தது. "கடைக்கு?"

"சோத்துக்கு வாறன் மச்சான்" என்றான் ஆதம்பாவா. "கடைக்கு வரமாட்டன்."

"ஓம்" என்றார் றஹ்மான்.